அறுபத்திரண்டு வீட்டுப் பதில்

என் செல்லச் சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே உடம்பைப் பொறுத்தவரை எல்லாரும் சௌக்கியம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை, ஆனாலும் மாடிப்படியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உன் தம்பிக்குப் பஸ் பணிமனையில் பகல் வேலையே கிடைத்துவிட்டது, இப்போதுதான் அவன் முகத்தையே நாங்கள் பார்க்கிறோம். நேற்றுப் போனில், ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், சளி என்றேன், சளியும் இல்லை ஒன்றும் இல்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே பரவாயில்லம்மா என்று என் வாயை அடைத்துவிடுவாய், கடிதம் என்றால் முழுவதும் படித்துத்தானே ஆகவேண்டும், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் நம் குடியிருப்புக்கு உன் ஆராய்ச்சி ஆட்கள் வந்தார்களே, தையல் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டைச் சோதனைக்கு வைத்தது பெண்களுக்கு ஒத்துவருகிறதா என்று வீட்டிலேயே வைத்துக் கேட்க, அதைப் பற்றித்தான். அவர்கள் வரப்போகிற நாளை நீ பேச்சுவாக்கில் என்னிடம் சொல்லிவிட்டாய். எனக்குக் கை கால் ஓடவில்லை. என் மகள் அனுப்புகிற ஆட்களிடம் ஆளாளுக்கு மூக்கால் அழுது வைத்தால் உனக்குத்தானே கெட்ட பெயர் என்று என் மரமண்டைக்குப் பட்டது. முந்தின நாளே வீடு வீடாகப் போனேன், அறுபத்திரண்டு வீட்டில் ஒன்றையும் விடவில்லை. நம்ம சின்னு அனுப்புற பொண்ணுங்க வருவாங்க, முகம் சுளிக்காம நல்லதா நாலு வார்த்தை சொல்லி அனுப்புங்க, அவ வேலையே இதுலதான் இருக்கு என்று சொன்னேன். விருந்தாளி வருமுன் வீட்டை ஒதுங்க வைக்கிற மாதிரி அவர்கள் பதிலையும் ஒதுங்க வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் அதே கம்பெனியில் காலர் தைத்தவள் நான், எட்டு மணி நேரத்துக்கே இடுப்பு என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்தேன், பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

நீ முடிவைச் சொன்ன நாள் நினைவிருக்கிறதா, ஆய்வுக்கு எடுத்த மற்ற இரண்டு இடத்திலும் பாதிக்குப் பாதி பேர் வேண்டாம் என்றார்கள், நம்ம ஏரியா ஆளுங்க மட்டும்தாம்மா ஒரே குரலா கஷ்டமில்லைன்னு சொன்னாங்க, அதுதான் என் ஆராய்ச்சிக் கட்டுரையையே தூக்கி நிறுத்துச்சு என்று சிரித்தாய். அப்போதே உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வேன்? எட்டு வயதில், நான் வேலை முடிந்து வருகிற நேரத்தை அடுக்களைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தவள் நீ, ஓவர்டைம் நாளுக்கெல்லாம் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதிலிருந்து ஆரம்பித்ததுதான் பொருளாதாரமும் முனைவர் பட்டமும் தொழிலாளர் ஆராய்ச்சியும். ஏழு வருஷமாக வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை, வாடகை அறை, பெட்டியைப் பிரிக்கும் முன்னே அடுத்த பல்கலைக்கழகம். இந்தக் கட்டுரையால் நிரந்தர வேலை கிடைக்கப்போகிறது என்று நீ சொன்ன பிறகு அதை நானே எப்படிக் கெடுப்பேன் என்று மறைத்துவிட்டேன்.

இப்போது கம்பெனி வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். தொழிலாளிகளுக்குச் சம்மதம் என்று ஆராய்ச்சியிலேயே தெரிந்துவிட்டதாம், அடுத்த மாதத்திலிருந்து எல்லாப் பகுதிக்கும் பன்னிரண்டு மணி நேரமாம். நீ அரசாங்கக் கமிட்டி முன்னால் போய்ப் பேசப்போவதும் அதே மாதம், அப்புறம் எல்லா ஊருக்கும் இதுதானே சட்டமாகும். எதிர்வீட்டுப் பெண், பட்டன் தைக்கிறவள் என்பதால் பட்டன் என்றே கூப்பிடுவோமே, அவள் பகுதியில் அந்தச் சோதனை ஷிஃப்ட் இன்னும் ஓடுகிறது. போன வாரம் பதினோராவது மணி நேரத்தில் கண் சொக்கி, ஊசி கட்டைவிரலில் இறங்கிவிட்டது. பார்க்கப் போனேன். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. தப்பு என்னுதுதான், இப்போ உள்ளதை உள்ளபடி சொல்லு, எழுதிக்கிறேன் என்று நோட்டோடு உட்கார்ந்தேன். அவள் கிண்டலே இல்லாமல், இந்தத் தடவை என்ன சொல்லணும் பெரியம்மா, சொல்லுங்க, அப்படியே சொல்லிடறேன் என்றாள். நோட்டை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்பா, இப்போ எழுதாதே, முதல்ல அவ வேலை நிரந்தரமாகட்டும், மெதுவா சொல்லிக்கலாம் என்று இரண்டு நாளாக என் பின்னாலேயே வருகிறார். அவரும் உன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார், கோபித்துக்கொள்ளாதே. எனக்கும் பயம்தான் சின்னு, உன் வேலை போய்விடுமோ என்று நினைத்தால் இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடத் தோன்றுகிறது. ஆனால் நீ கமிட்டி முன்னால் நின்று சொல்லப்போவது அந்தப் பெண்கள் சொன்னது இல்லை, நான் சொல்லிக்கொடுத்தது. அதை உன் வாயால் சொல்ல வைக்க எனக்கு மனசு வரவில்லை. யார் கெடுத்தது என்று உன் பேராசிரியர்கள் கேட்டால் அம்மா என்றே எழுது, நான் எங்கே வேண்டுமானாலும் வந்து ஆமாம் என்று சொல்கிறேன். தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

உடம்புக்கு ஒரு குறையும் வராமல், தலை நிமிர்ந்து, நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு என்ன வேண்டுதல் இருக்கிறது. திட்ட வேண்டும் என்றால் போன் பண்ணித் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. கமிட்டிக்கு முன்னால் ஆட்களை மறுபடி நம் குடியிருப்புக்கு அனுப்பு, முன்னே வந்தவர்கள் வேண்டாம், புது ஆட்களாக அனுப்பு. என்றைக்கு வருகிறார்கள் என்று என்னிடம் சொல்லாதே. நான் கேட்டாலும் சொல்லாதே.

இப்படிக்கு,
வாய் சும்மா இருக்காத உன் அம்மா