ஒருத்தியையும் வெட்டமாட்டேன்

எடியே,

இன்று காலை வாசிகசாலையின் பின்னறையைத் திறந்து, விளையாட்டு உடுப்புப் பையை அவிழ்த்ததுதான் தாமதம், உன் எண்ணெய் மணம் குப்பென்று மூக்கில் ஏறியது. வேப்பெண்ணெயில் கர்ப்பூரமும் உள்ளியும் போட்டு நீயே காய்ச்சி, பெட்டைகளின் முழங்காலில் அழுத்தித் தேய்ப்பாயே, அதே நாற்றம். நாற்றம் என்றுதான் சொல்வேன். நீ உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் சொன்னேன். மழைக்கு ஈரம் கோத்துப்போன பெனியன்களை வெயிலில் போட வந்தவள், அங்கே கிடந்த வாங்கிலேயே குந்தியிருந்து அழுதேன். பிறகு உன்மேல் கோபம் வந்தது. மாரி முழுக்க அடுத்த பருவத்துக்கு அணி சேர்க்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

போன பருவம் எங்கள் வாசிகசாலையின் பெண்கள் உதைபந்தாட்ட அணி லீக்கில் கடைசி. ஒரேயொரு ஆட்டம் சமநிலை. அதையும் மழை வந்து காப்பாற்றியது. நீ பயிற்றுநர், நான் முகாமையாளர். தேத்தண்ணிக் கடை வாசலில் எங்களைக் கண்டு சிரிக்காத ஆளில்லை. "என்ன பிள்ளையள், இண்டைக்கு எத்தினை கோல் வாங்கினியள்?" என்று ஒருவர் கேட்டார். நீ சைக்கிளை நிறுத்தி, "நீங்கள் கிறவுண்டுக்கு வாங்கோ, வாங்கினதிலை பாதியை உங்களுக்குத் தாறம்" என்றாய். அந்த மனிதர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். நான் சிரித்துச் சிரித்துச் சைக்கிளோடு வேலியில் சாய்ந்தேன்.

கடைசி ஆட்டம் முடிந்த கையோடு நீ ஆஸ்பத்திரியில் படுத்தாய். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்றார்கள். நான் அழுவதற்கு ஆயத்தமாக வந்தேன். நீயோ பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த தோடம்பழங்களையும் அப்பிள்களையும், உனக்குத் தின்னக்கூடாத பழங்கள், கட்டில் விரிப்பில் பரப்பி அணி அடுக்கிக்கொண்டிருந்தாய். தாதி வந்து, "அம்மா, இது கட்டில், கிறவுண்ட் இல்லை" என்று கத்தினாள். "இவள் நல்லாக் கத்துறாள், இவளை நடுவிலை விடலாம்" என்று அவளுக்கே ஒரு அப்பிளை நீட்டினாய்.

அன்றைக்கு நீ சொன்னதை மறக்கவில்லை. பின்வரிசைப் பழங்கள் நாலையும், நாலும் கலியாணம் கட்டிய எங்கள் பெட்டைகள், விரலால் தொட்டுச் சொன்னாய்: "இந்த நாலு பேரிலையும் ஒருத்தரும் கைவைக்கக்கூடாது. போன முறை மூண்டு பேர்தானே நிண்டவையள். நாலாவது ஆள் பிள்ளை பெத்துப்போட்டுத் திரும்பி வரட்டும், பிறகு பார்." எங்கள் கோல் காப்பாளர் படிக்கக் கொழும்புக்குப் போவதாகத் தானே வந்து சொல்லிவிட்டாள். அந்த இடத்துக்கு மட்டும் வெளியில் ஆள் தேடச் சொன்னாய். நீ பிழைத்து வந்தால் சேர்ந்து தேடலாம் என்றேன். "வராட்டி நீ தேட மாட்டியோ?" என்று பாய்ந்தாய்.

ஒருத்தரிலும் கைவைக்கக்கூடாது என்பதில் உனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முந்திய மாரியில், எங்கள் வலப்பக்கத்து முன்வரிசைக்காரிக்குக் கலியாணம் முற்றாயிற்று என்று கேள்விப்பட்டதும் நீ அவளை அணியிலிருந்து எடுத்துவிட்டாய். "இனி உவள் எங்கை வரப்போறாள்" என்றாய். எடி, எங்கள் ஊரில் கலியாணம் கட்டினால் பெட்டை எங்கே போகிறாள்? மாப்பிள்ளைதான் சூட்கேசோடு அவளின் சீதன வீட்டுக்கு வந்து சேருகிறான். அவள் இரண்டு ஒழுங்கை தள்ளித் தன் வீட்டில்தான் இருந்தாள். நாலாம் சடங்கு முடிந்து பயிற்சிக்கு ஆள் வந்து கூப்பிடும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருத்தரும் போய்க் கேட்கவில்லை. ஊரே அறிந்த வழக்கம் எங்களுக்கு மட்டும் அந்த நேரம் மூளைக்கு வரவில்லை.

அடுத்த பருவம் அவள் பக்கத்து ஊர் அணியில் இறங்கி எங்களுக்கே இரண்டு கோல் அடித்தாள். ஆட்டம் முடிய நேரே உன்னிடம் வந்து, "அக்கா, கலியாணம் எண்டால் கால் முறிஞ்சுபோமோ?" என்று கேட்டாள். நீ சைக்கிளை எடுத்தாய். புத்தூர்ச் சந்தி தாண்டியதும், "இனி ஒருத்தியையும் நாங்களா வெட்டுறேல்லை. வரமாட்டன் எண்டு அவள் தன்ரை வாயாலை சொல்லட்டும்" என்றாய். நல்ல சட்டம்தான். ஆனால் பிழை உன்னுடையது. செத்துப்போனாய் என்பதற்காக நான் அதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

உன் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்து கீரிமலையிலிருந்து திரும்பி வந்து நான் உடுப்புக்கூட மாற்றவில்லை, வாசிகசாலைத் தலைவர் அண்ணை எங்கள் படலையில் நின்றார். துக்கம் விசாரிக்க வந்தார் என்று நினைத்துக் கதிரை போட்டேன்.

"தங்கச்சி, கலியாணம் கட்டின நாலு பேரையும் இந்த முறை நிப்பாட்டுவம்" என்றார். "வெளி மாவட்டத்திலை கெட்டிக்காரப் பெட்டையள் இருக்கினம். மட்ச் நாளிலை மட்டும் வான் பிடிச்சு ஏத்திக்கொண்டு வரலாம். வெளிநாட்டிலை இருக்கிற எங்கடை ஆக்கள் ஒரு கப்போடை படம் பாக்கோணும் எண்டு நிக்கினம்."

"அப்ப எங்கடை பிள்ளையள்?"

"அவையள் வந்து கை தட்டட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கை தட்டுறதுக்கும் வெளி மாவட்டத்திலை இருந்து ஆளைக் கொண்டுவாங்கோவன் அண்ணை" என்றேன். தைப்பொங்கலுக்கு முந்திய ஞாயிறு கூட்டம், அதற்குள் முழு அணியையும் காட்டாவிட்டால் தன் திட்டம்தான் என்று சொல்லி எழும்பினார். தேத்தண்ணி தரவா என்று நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து வீடு வீடாகத் திரிந்தேன். வெள்ளத்தில் சைக்கிளை உருட்டி, வெங்காயத் தோட்டத் தறைகளில் நின்றவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டேன். உன் பின்வரிசை நாலாம் பழத்தின் வீட்டில்தான் பயந்து பயந்து ஏறினேன். குழந்தை இன்னும் தவழவில்லை. அவளின் தாய் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை பாலுக்கு அழுதால் என்ன செய்யுறது?" என்றாள். "இடைவேளை எதுக்கு இருக்கு மாமி? அப்ப குடுக்கட்டும்" என்றேன். அவளின் மனிசன் கிணற்றடியில் மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "நான் பிள்ளையை வைச்சிருக்கிறன் அக்கா. இவள் வீட்டிலை நிண்டு என்னோடை கொளுவிச் சண்டை பிடிக்கிறதுக்கு அங்கை போய்ப் பந்தோடை கொளுவட்டும்." அவள் உள்ளேயிருந்து ஒரு செருப்பை எறிந்தாள். எறி குறி தப்பவில்லை. இவள் இன்னும் விளையாடுவாள் என்று எனக்கு அப்போதே நம்பிக்கை வந்தது.

கோல் காப்பாளருக்குக் குருநகர் போனேன். கடற்கரை வெளியில் பெடியன்கள் அடிக்கிற பந்துகளைப் பாய்ந்து பாய்ந்து பிடிக்கிற ஒருத்தி இருக்கிறாள் என்று நீதான் முன்பொருமுறை சொன்னாய். நான் போன நாள் வெள்ளிக்கிழமை என்பது, அவளின் தாய் கணவாய்ப் பொரியலைத் தட்டில் போட்டு நீட்டிய பிறகுதான் நினைவு வந்தது. நான் வெள்ளியில் மச்ச மாமிசம் தொடேன். அந்தத் தாயின் முகம் சுருங்கிப்போயிற்று. "ஏன், எங்கடை வீட்டிலை சாப்பிட மாட்டியளோ?" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ அக்கா, இண்டைக்கு வெள்ளி, அதுதான். கட்டித் தாங்கோ, நாளைக்குச் சாப்பிட்டுப்போட்டு வந்து எப்பிடி இருந்தது எண்டு சொல்லுறன்" என்றேன். அடுத்த நாள் உண்மையாகவே போய்ச் சொன்னேன். அன்றைக்குத்தான் சம்மதம் கிடைத்தது. "ஞாயிறு பூசை முடியமுன்னம் ஒருத்தரும் என்ரை பிள்ளையைப் பந்துக்குக் கூப்பிடக்கூடாது" என்று மட்டும் சொன்னார். வெள்ளியில் எங்கள் பிள்ளைகளுக்குக் கோயில், ஞாயிறு காலையில் அவளுக்கு மாதா கோயில் பூசை. மற்ற நாட்களில் பயிற்சி வைத்தால் வானம் இடிந்து விழாது.

இனிக் கூட்டத்துக் கதைக்கு வா. கதிரைகளில் எல்லாம் ஆண்கள். ஒருவர் கைபேசியில் வெளிநாட்டிலிருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பதினொரு பேரையும், மாற்று ஆட்களையும் சொன்னேன். தலைவர் அண்ணை தொண்டையைச் செருமினார்.

"கைக்குழந்தைக்காரி பந்துக்குப் பின்னாலை ஓடுறது ஊருக்கு வடிவோ தங்கச்சி? உப்பிடியான ஆக்களை வைச்சுத்தானே போன முறை தோத்தது?"

முன்பென்றால் இந்த இடத்தில் நீ எழும்பியிருப்பாய், நான் உன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்திருப்பேன். இந்த முறை இழுக்க ஆளில்லை. எழும்பினேன்.

"போன பருவம் அவள் பிள்ளைத்தாச்சி. வீட்டிலை இருந்தவள். அவள் விளையாடித் தோக்கேல்லை அண்ணை, அவள் இல்லாமல்தான் தோத்தம். அதுக்கு முந்தின வருசம் அவளும் நிண்டவள், நாங்கள் எத்தினையாம் இடம்? சொல்லுங்கோ. மறந்துபோச்சுதோ? நடுவிலை நிண்டனாங்கள். அப்பவும் அந்த நாலு பேருக்கும் தாலி கழுத்திலைதான் கிடந்தது."

கைபேசிக்குள் இருந்த முகம், "அது சரிதானே அண்ணை" என்றது. ஒருத்தர் சிரித்தார். தலைவர் அண்ணைக்கு ஏறிவிட்டது. இந்த ஒரு பருவம்தான், திரும்பவும் கடைசியாக வந்தால் பெண்கள் அணியையே கலைப்பேன் என்றார்.

"கலைக்க விடமாட்டன்" என்றேன். "கடைசியா வந்தாலும் விடமாட்டன். பெடியன்கள் ரீம் எத்தினை தரம் கடைசியா வந்தது? ஒருக்காலாவது கலைச்சனியளோ? இந்த வாசிகசாலையிலை இடம் தராட்டி என்ரை வளவிலை கொடி கட்டிப்போட்டு இறங்குவம்."

அவர் கடுப்போடு பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னார், எனக்கும் கேட்கவேண்டும் என்றே சொன்னார்: "அவள் போனாலும் அவளின்ரை வாய் போகேல்லைப் பார்."

அணி அப்படியே பதிவாயிற்று.

நேற்றுப் பயிற்சி தொடங்கியது. மைதானத்தின் ஒரு பக்கம் இன்னும் சேறு. குழந்தை தகப்பனின் தோளில் நித்திரை. குருநகர்ப் பிள்ளை சேற்றில் பாய்ந்து பிடித்த முதல் பந்துக்கே பின்வரிசை நாலு பேரும் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். திரும்பவும் கடைசியாக வரக்கூடும். வரட்டும். எனக்கு நெஞ்சு எரிகிறது, நீ இதைப் பார்க்கவில்லையே என்று. சாதுவான பெட்டை என்று ஊரெல்லாம் பெயர் எடுத்தவள் நான். நேற்று எல்லைக்கோட்டில் நின்று கத்திய கத்தலில் தேத்தண்ணிக் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். உன்னிடமிருந்து எடுத்தது அந்த வாய் ஒன்றுதான். அதைத் திருப்பித் தரமாட்டேன்.