பங்களா லாரியும் பம்பாய்ப் பெட்டியும்

1958 நவம்பர் 17, திங்கள்

காலையில் மூடுபனி, பத்து மணிக்கு மேல் தூறல். பாரமானி 23 அங்குலம், சற்றே இறக்கம். பள்ளியை விட்டு வந்த பிறகும் தினம் அதில் காற்றின் அழுத்தம் பார்த்து எழுதும் பழக்கம் விடவில்லை. பௌதிகம் கற்பித்தவனுக்கு வேறென்ன வேலை?

ஷெட்டில் இன்று:
– பின் பிரேக் லைனிங் மாற்றியாயிற்று. ரிவெட் நானே அடித்தேன். நம்பிக்கை வராமல் அவிழ்த்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. திரும்ப மாட்டினேன்.
– ரேடியேட்டரில் புளித்தண்ணீர் ஊற வைத்தது. கழுவியபோது துரு, களிமண், ஒரு செத்த பல்லி.
– சீட்டுக்குத் தேங்காய் நார் அடைத்துத் தைத்தாள் மருமகள் ஸ்டெல்லா. ஊசி மூன்று முறிந்தன. நான்காவதுக்குக் கோணி ஊசி.

ரசத்துக்குப் புளி இல்லை. "எல்லாத்தையும் உங்க ரெண்டாவது சம்சாரம் குடிச்சிட்டா" என்றாள் ரோஸம்மாள். லாரியைச் சொல்கிறாள்.

யுத்தத்துக்கு முந்திய லாரி. துரை விட்டுப்போன பங்களாவின் பின்னால் சைப்ரஸ் மரத்தடியில் கிடந்தது. மகன் அருள் ஏப்ரலில் அதை அட்டுவம்பட்டிக்கு இழுத்து வந்தபோது டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. முட்டையையும் சேர்த்தே இழுத்து வந்தான். ரோ. அந்தக் கோழியை மட்டும் வாயார வரவேற்றாள்.

கூடத்தில் புதுத் தகரப் பெட்டி. மூடியில் ஸ்டெல்லாவின் அழகான கையெழுத்தில், வெள்ளைப் பெயிண்டில்: எஸ். அருள், பம்பாய். இங்கே அவனுக்கு சீசனில் மட்டும்தான் டாக்ஸி ஓட்டும் சோலி. பம்பாயில் ஸ்டெல்லாவின் அண்ணன் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். ஜனவரியில் போய்ச் சேர வேண்டும். பெட்டி நடுக்கூடத்தில் இருக்கிறது. சுற்றிக்கொண்டு நடக்கிறேன்.

நவம்பர் 20, வியாழன்

மழை இல்லை. பாரமானி அதே.

வில்பட்டி பெரியசாமி வந்தார். உருளைக்கிழங்கு, பூண்டு, முட்டைகோஸ் எல்லாம் பெரிய அளவில் போடுகிறவர். லாரியை ஒரு சுற்று சுற்றினார். டயரை உதைத்தார்.

"ஏலே அருளு, இது ஓடுமா, இல்ல கோழிப் பண்ணை வைக்கப் போறியா?"

"ஓடும்ணே."

"கீழ இறங்குறதுக்கு இஞ்சினே வேண்டாம்டா. உருட்டி விட்டாப் போதும். ஏறணும்ல?"

"ஏறி வந்தா?"

"வத்தலக்குண்டுக்கு என் கிழங்கைக் கொண்டுபோயி, வரும்போது அரிசி மூட்டை ஏத்தி, பொழுது சாயறதுக்குள்ள மேல வந்து சேரு. வருசம் பூரா என் லோடு உனக்குத்தான். வரலேன்னா, பம்பாய் போயி நல்லா இரு."

அருள் சிரித்தான். பின்பு அவன் ஸ்டெல்லாவிடம் சொன்னது தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது: "ஏறிட்டா இங்கயே இருந்துருவோம். ஏறலேன்னா பெட்டியத் தூக்க வேண்டியதுதான்." ஸ்டெல்லா, "எனக்கும் அங்க போயி குளிர் இல்லாம எப்படித் தூங்கறதுன்னு தெரியல" என்றாள்.

'போகாதே' என்று நான் சொல்லலாம். நான் சொல்லி, அவன் இருந்து, லாரி ஓடாமல் போனால்? சொல்லவில்லை. பிரேக்கை இன்னொரு முறை பார்த்தேன்.

நவம்பர் 26, புதன்

வெயில்! பாரமானி ஏற்றம்.

ஓடிவிட்டது. அருள் ஹேண்டில் சுற்றினான். கையில் அடித்தது, கெட்ட வார்த்தை ஒன்று, மன்னிப்பு, மறுபடி சுற்றினான். ஷெட் முழுவதும் அதிர்ந்தது. ரோ. கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். கோழி மூன்றாம் வீட்டுக்குப் பறந்தது.

ஒரே குறை: கறுப்புப் புகை. ஸ்டெல்லா உலர்த்திய துணியெல்லாம் கரி. பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று தெரிந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையில் ஓர் ஊசி இருக்கிறது. அதைத் திருகி இறக்கினால் பெட்ரோல் குறையும். அந்த வேலையை என்னிடம் விட்டான். "நீங்கதாம்ப்பா பொறுமையா செய்வீங்க." கொஞ்சம் திருகுவது, ஓடவிட்டுப் புகையைப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம். மொத்தம் முக்கால் சுற்று இறக்கியபின் புகை வெளுத்து, கண்ணுக்குத் தெரியாமலே போயிற்று. இஞ்சின் தையல் மிஷின் போல.

ரோ. நின்று கேட்டாள். "என்னங்க, நெசமாவே நீங்க செஞ்சதா?"

தெரியவில்லை. நான்தான் செய்தேன் போலிருக்கிறது.

நவம்பர் 30, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்தோம். பிரசங்கத்தில் மனம் நிற்கவில்லை. முன் சக்கர பேரிங்குக்கு கிரீஸ் போதுமா என்றே ஓடிற்று. ஆண்டவர் பொறுப்பாராக.

மாலை வில்பட்டி வரை ஓட்டம். பாதி லோடு கிழங்கு. திரும்பும் ஏற்றத்தில் திணறவே இல்லை. பச்சைப் பெயிண்ட் வெயிலில் மினுங்கியது. (நான் நீலம் கேட்டேன். ஓட்டெடுப்பில் தோற்றேன்.) வழியில் ஒருவர், "பங்களா லாரி போகுது பாரு!" அந்தப் பெயரே நிலைத்துவிடும்.

டிசம்பர் 8, திங்கள்

கடுங்குளிர். புல்லில் உறைபனி. பாரமானி 23.

நாளை கீழே இறங்குகிறார்கள். க்ளீனராக வரவிருந்த மைக்கேலுக்குக் காய்ச்சல். க்ளீனர் இல்லாமல் மலையில் போக முடியாது. ஏற்றத்தில் லாரி நின்றால் குதித்து ஓடிப் பின் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்க ஓர் ஆள் வேண்டும்.

"நான் போறேன்" என்றாள் ரோஸம்மாள்.

"நீங்க சமையல் பாருங்கத்தே, நான் போறேன்" என்றாள் ஸ்டெல்லா.

பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பஸ்ஸில்கூட ஜன்னல் ஓரம் உட்காராதவன் நான். சரி என்று சொல்லிவிட்டேன். யார் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை.

எடுத்துக்கொள்ள: கட்டை. தண்ணீர் டின். ஸ்பேனர் பை. ஸ்வெட்டர். சிறிய திருப்புளி. ஜெபமாலை (ரோ. திணித்தது).

டிசம்பர் 10, புதன்

நேற்று எழுதவில்லை. அவ்வளவு களைப்பு. இன்று விரிவாக எழுதுகிறேன்.

வெள்ளனே கிளம்பினோம். பெரியசாமியும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். கிழங்கு மூட்டைகளின் மேல் நான், மடியில் கட்டை. இறங்கும்போது பள்ளத்தைப் பார்க்காமல் மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமாள்மலையில் நின்றபோது பிரேக் டிரம்மைத் தொட்டேன். கை வைக்க முடிந்தது. அங்கே நின்ற பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் லாரியைப் பார்த்து, "பெரியவரே, இறங்குறது சரி. ஏறுறதுக்கு எத்தன மாடு கட்டப் போறீங்க?" பஸ்ஸே சிரித்தது.

வத்தலக்குண்டில் கிழங்கு இறங்கியது, அரிசி ஏறியது. வெக்கை. ஸ்வெட்டரைக் கழற்றினேன். திரும்பும்போதே சமவெளியில் இஞ்சின் அங்கங்கே இருமிற்று. முதல் ஏற்றத்தில், முதல் வளைவு தாண்டி, கார்புரேட்டர் பட் பட்டென்று துப்பியது, ரேடியேட்டர் கொதித்து ஆவி அடித்தது, லாரி நின்று பின்னால் நழுவியது.

குதித்தேன். கட்டையை வைத்தேன். அது பிடித்தது.

மலையடிவாரத்தில் ஒரு வொர்க்‌ஷாப். அதன் முதலாளி நடந்து வந்து, பானெட்டுக்குள் காதை வைத்துக் கேட்டார். "வால்வு போச்சு தம்பி. இஞ்சினை இறக்கித்தான் பாக்கணும். வெரசா மூட்டைய வேற லாரிக்கு மாத்துங்க."

பெரியசாமி பெருமூச்சு விட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. "பொழுது போகுதுடா அருளு" என்று சொல்லிவிட்டு வேறு லாரி பார்க்க ரோட்டோரம் போய் நின்றார். அருள் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். முகம் பார்க்க முடியவில்லை. அந்தத் தகரப் பெட்டிதான் எனக்குக் கண்ணில் தெரிந்தது.

பின் சக்கரத்தருகே உட்கார்ந்தேன். வால்வுகளை நாங்கள்தான் தேய்த்து உட்கார வைத்தோம். என் பங்கில்தான் தவறோ? முதல் சிலிண்டரிலிருந்து மனதில் ஒவ்வொன்றாகப் போனேன். காது வேறு அடைத்துக்கொண்டிருந்தது, இறங்கியதிலிருந்தே. எச்சில் விழுங்கினேன். படக்கென்று திறந்தது.

காது ஏன் அடைத்தது? கீழே காற்று கனம்.

முப்பது வருஷம் கரும்பலகையில் வரைந்த பாடம். தினமும் காலையில் பாரமானி பார்க்கிறவன். மலை உச்சியின் மெலிந்த காற்றுக்கு அளந்து ஊசியை இறக்கிவிட்டு, அப்படியே சமவெளிக்குக் கூட்டி வந்திருக்கிறேன். இங்கே காற்று அதிகம், பெட்ரோல் பழைய அளவு. போதாமல் துப்புகிறது, போதாமல் கொதிக்கிறது. வால்வுக்கு ஒன்றுமில்லை.

எழுந்து சொல்லியிருக்க வேண்டும். உடனே சொல்லவில்லை. தவறாக இருந்தால் எல்லார் முன்னாலும்? வொர்க்‌ஷாப்காரர் மூட்டையில் கை வைத்தார். அப்போதுதான் வாய் திறந்தது.

"அருள், அந்த ஊசியைக் கொஞ்சம் ஏத்திப் பார்க்கலாமா? எனக்கு நிச்சயமாத் தெரியல."

"பெரியவரே," என்றார் வொர்க்‌ஷாப்காரர், "இது என்ன மூக்குக் கண்ணாடியா, துடைச்சா சரியாகிறதுக்கு? இஞ்சினு."

அருள் இறங்கி வந்தான். என் முகத்தைப் பார்த்தான். பையிலிருந்து திருப்புளியை எடுத்து என் கையில் கொடுத்தான். "நீங்களே திருப்புங்கப்பா."

இறக்கிய முக்கால் சுற்றையும் ஏற்றினேன். ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருந்து தண்ணீர் ஊற்றினோம். அவன் ஹேண்டில் போட்டான். முதல் சுற்றிலேயே பிடித்தது. துப்பவில்லை. இருமவில்லை. ஷெட்டில் கேட்ட அதே தையல் மிஷின்.

வொர்க்‌ஷாப்காரர் மறுபடி காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து தன் ஆளிடம், "ஏலே, ஐயாவுக்கு ஒரு டீ கொண்டாடா" என்றார். டீக்கு நேரமில்லை. பெரியசாமி ரோட்டோரத்திலிருந்து ஓடி வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு: "என்னய விட்டுட்டுப் போயிராதீங்கடா!"

ஏற ஏறக் காற்று மெலியும் என்று எனக்கு இப்போது தெரியும். டம்டம் பாறை தாண்டியதும் பின்னால் கறுப்புப் புகை. மூட்டை மேலிருந்து கத்தினேன், நான், கத்தினேன்: "அருள், புகை!" நிறுத்தினான். குதித்தேன், கட்டை, கால் சுற்று இறக்கம், ஏறினேன். ஊத்து அருகே மறுபடி: "புகை!" கால் சுற்று. பெருமாள்மலையில் மூன்றாவது கால் சுற்று. பள்ளத்தைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது, இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று.

வெள்ளி அருவியில் காலையில் பார்த்த அதே பஸ். ரேடியேட்டர் கொதித்து நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் வாளியோடு அருவியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அருள் வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டி, "அண்ணே, மாடு அனுப்பவா?" பஸ் மறுபடி சிரித்தது. இந்த முறை கண்டக்டரும்.

வெயில் இருக்கும்போதே அட்டுவம்பட்டி. தெருவே வெளியில். அருள் ஹாரனை விடவே இல்லை. ரோஸம்மாள் லாரியைப் பார்க்கவில்லை, மூட்டை மேலிருந்த என்னைத்தான் பார்த்தாள். "என்னங்க இது, மூஞ்சியெல்லாம் கரி. எறங்குங்க. பாத்து."

கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டேன். நிமிர்ந்துதான் இறங்கினேன்.

டிசம்பர் 11, வியாழன்

பாரமானி 23. நெடுநேரம் அதன் முன் நின்றேன்.

உடம்பெல்லாம் வலி. ரோ. தைலம் தேய்த்துக்கொண்டே, "உங்க ரெண்டாவது சம்சாரம் நல்லவதான், ஒத்துக்கறேன்" என்றாள். மதியம் பெரியசாமி ஆள் அனுப்பினார். சனிக்கிழமை முட்டைகோஸ் லோடு. 'வாத்தியாரும் வரணும்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அருள் பம்பாயைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஏறிட்டா இருப்போம் என்று சொன்னது தட்டிக்குப் பின்னால். எனக்குச் சொன்னதல்ல.

டிசம்பர் 14, ஞாயிறு

வெயில், நல்ல குளிர். பாரமானி ஏற்றம்.

நேற்று இரண்டாம் லோடு. ஊசி வேலை இப்போது அருளுக்கும் அத்துப்படி. இருந்தாலும் என்னைத்தான் குதிக்கச் சொல்கிறான்.

காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது கவனித்தேன்: கூடத்தில் பெட்டி இல்லை. பெட்டி இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. ரயில் பார்சலில் முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்காமல் கோயிலுக்குப் போனேன். ஜெபம் ஒன்றும் மனதில் ஏறவில்லை.

வந்ததும் சட்டை மாற்றாமல் ஷெட்டுக்குப் போனேன். லாரிக்குப் பக்கத்தில் பெட்டி. மூடி திறந்திருந்தது. உள்ளே ஸ்பேனர்கள் வரிசையாக, கிரீஸ் டப்பா, என் சிறிய திருப்புளி, மேலே கட்டை. அருள் குனிந்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அப்பா, இந்தப் பேரை அழிச்சிரவா?" மூடியைக் காட்டினான்.

வேண்டாம் என்றேன். நல்ல பெயிண்ட்.