நுழைந்தது யார்?

மார்ச் 3, திங்கள்

நரிக்குட்டி ஆற்றைத் தாண்டும் காட்சியில் பாதிப் படங்களைக் காணோம். காலையில் குருவி வந்து சொன்னாள். எங்கள் அனிமேஷன் ஸ்டூடியோவில் வண்ணம் தீட்டுகிறவள். படபடவென்று பேசுவதால் அந்தப் பெயர். இதற்கு முன்னாலும் இப்படிப் போயிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் சட்டென்று தெரிவதில்லை. தெரிவதற்குள் தினசரி பேக்கப்பும் அந்த ஓட்டையையே நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. சர்வரைக் கவனிப்பது நான். எல்லார் கண்ணும் என் மேல்தான்.

மார்ச் 5, புதன்

டிஸ்க் பழசு, அதனால்தான் என்று கூட்டத்தில் தொழில்நுட்பத் தலைவர் சொன்னார். சோதித்துப் பார்த்தேன், கல்லு மாதிரி இருக்கிறது. டிஸ்க் கெட்டால் கண்டபடி கெடும். இங்கே வண்ணம் முடிந்த படங்கள் மட்டும் பொறுக்கியெடுத்த மாதிரி போகின்றன. பொறுக்க ஒரு கை வேண்டாமா?

மார்ச் 6, வியாழன்

சர்வரில் தணிக்கைப் பதிவை இயக்கட்டுமா என்று தலைவரிடம் கேட்டேன். எந்த ஃபைலை யார் அழித்தார், யார் பெயர் மாற்றினார் என்று இயந்திரமே வரிவரியாக எழுதிக்கொண்டு போகும். சர்வர் மெதுவாகிவிடும், வேண்டாம் என்றார். மனசு ஆறவில்லை. நேராக முதலாளியிடம் போனேன். செய்யுங்கள், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றார்.

மதியமே இயக்கிவிட்டேன். முடிந்த படங்கள் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும். எழுதப்படும் ஒவ்வொரு வரியும் உடனுக்குடன் என் மேசைக்கடியில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டருக்கும் போகும். சர்வரில் கை வைக்கிறவர் பதிவிலும் கை வைக்கலாம் அல்லவா?

மார்ச் 9, ஞாயிறு

ஒன்றும் நடக்கவில்லை. "உங்க ஆபீஸ்ல கரையான் புகுந்திருக்கும்" என்கிறார் என் வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் விளையாட்டு.

மார்ச் 11, செவ்வாய்

மறுபடியும் போயிருக்கிறது. ஓடிப்போய்ப் பதிவைத் திறந்தேன். அழித்த கணக்கு — குருவியுடையது.

அவளா? ராப்பகலா உட்கார்ந்து தீட்டினதை அவளே அழிப்பாளா? நம்ப முடியலையே.

சர்வரில் தேடியதில் அவள் பெயர் கிடைத்தது என்று தலைவர் முந்திக்கொண்டு முதலாளியிடம் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "நான் செய்யலக்கா" என்றாள். அதற்கு மேல் அவளுக்கே பேச்சு வரவில்லை.

மார்ச் 12, புதன்

மடச்சி நான். நேத்து பாதி வரியைத்தான் படிச்சிருக்கேன்.

முழு உரிமை உள்ளவர் சர்வருக்குள் வந்த பிறகு இன்னொருவர் கணக்குக்கு மாறிக்கொள்ளலாம். செய்வதெல்லாம் அந்த இன்னொருவர் பெயரில் பதியும். ஆனால் அதே வரியில் வேறொரு எண்ணும் இருக்கிறது, முதலில் உள்ளே நுழைந்தவர் யார் என்று. எத்தனை வேஷம் மாற்றினாலும் அது மாறாது.

கணக்கு குருவியுடையது. நுழைந்தது தலைவர். எல்லா வரியிலும்.

சர்வரில் அதே வரிகளைப் பார்த்தேன். அங்கே நுழைந்த எண்ணும் குருவியுடையதாகத் திருத்தப்பட்டிருந்தது! பதிவு ஓடுவதை எப்படியோ மோப்பம் பிடித்திருக்கிறார். என் காலடியில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு நகல் வந்துவிட்டது அவருக்குத் தெரியாது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பக்கத்து மேசைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

இரண்டையும் முதலாளியிடம் காட்டினேன். தலைவர் ஆரம்பத்திலிருந்து கூட இருப்பவராம். கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். பார்க்க வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தப்பாகப் போனால் என் வேலை காலி. போகட்டுமே.

இனி அந்த ஃபோல்டரில் எது அழிந்தாலும் என் ஃபோன் அதிரும்.

மார்ச் 14, வெள்ளி

பிடிச்சாச்சு!

சாப்பாட்டு வேளை. கேன்டீனில் முதலாளிக்கு எதிரே தட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஃபோன் அதிர்ந்தது. ஃபைல்கள் போய்க்கொண்டிருந்தன. அழிக்கும் கணக்கு — என்னுடையது! அடுத்த பலி நான்தான் போலிருக்கிறது. ஃபோனை அவர் பக்கம் திருப்பினேன். கைகூடக் கழுவாமல் எழுந்தார்.

தலைவர் அறையில் தனியாக இருந்தார். திரையில் என் பெயர். அதன் கீழே ஃபைல்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. திரையை அணைக்கக் கை நீட்டினார்.

முதலாளி குரலை உயர்த்தவே இல்லை. "இவங்க இங்க நிக்கிறாங்க. அப்ப அங்க இருக்கிறது யாரு?"

தலைவர் ஒப்புக்கொண்டார். போட்டி ஸ்டூடியோவுக்குத் தாவப் போகிறாராம். அவர்கள் படம் முதலில் வர வேண்டும், எங்களுடையது தள்ளிப்போக வேண்டும். அவ்வளவுதான்.

இவ்வளவு பெரிய ஆளை ஒரு எண்ணை வைத்துப் பிடித்திருக்கிறேன். வீட்டுக்கு நடந்தே வந்தேன். கால் தரையில் படவில்லை.

மார்ச் 17, திங்கள்

குருவி வந்துவிட்டாள். எல்லார் முன்னாலும் முதலாளி அவளிடம் மன்னிப்புக் கேட்டார். மாதம் ஒருமுறை நகலெடுத்து, சர்வரோடு சேராமல் தனியாகக் கழற்றி வைக்கிற டிஸ்க்கிலிருந்து முக்கால்வாசிப் படங்கள் திரும்பக் கிடைத்துவிட்டன. மிச்சத்தைப் புதிதாகத் தீட்டுகிறாள். முன்னைவிட நன்றாக வருகிறதாம். பேச்சும் பழைய வேகத்தில்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கடைசிக் காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. பதினொரு மணி வாக்கில் ஃபோன் அதிர்ந்தது: முடிந்த படம் ஒன்று அழிக்கப்பட்டிருக்கிறது. பதிவைத் திறப்பதற்குள் குருவி கூப்பிட்டாள். "அக்கா, அந்த மேகம் நல்லா வரல. நானேதான் தூக்கிட்டேன், பதறாதீங்க."

பார்த்தேன். கணக்கும் அவளுடையதுதான், நுழைந்ததும் அவள்தான். டீ குடிக்கப் போனேன்.