நான் கழித்த படங்கள்

எடி சிநேகிதி, காலையில் உன் மகள் வந்தாள். ஆண்டுத் திவசத்துக்கு மண்டபத்தில் வைக்க உன்னுடைய நல்ல படம் ஒன்று வேண்டுமாம். அலமாரியிலிருந்து அந்தப் பழைய மஞ்சள் உறையை எடுத்துத் திறந்தேன். படம் கழுவும் மருந்தின் புளிப்பு மணம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கூடவே உன் குரலும் வந்தது, அதுவும் ஏச்சோடு. உன் ஏச்சு இல்லாத இந்த ஒரு வருடம் எனக்குப் பிடிக்கவேயில்லை.

லைபீரியாவில் போர் முடிந்த நேரம். டேனிஷ் நகரமான இந்த ஒடென்சேயில் நீ வேலை செய்த முதியோர் இல்லத்தில் லீவு சொல்லிவிட்டு, ஓர் உதவி அமைப்போடு ஆறு மாதத்துக்கு அங்கே கிளம்பிவிட்டாய். "சண்டைக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீ ஏனடி அங்க போறாய்?" என்று கேட்டேன். "முடிஞ்ச பிறகு எப்பிடி இருக்கும் எண்டு பார்க்கத்தான்" என்றாய். நாங்கள் விட்டு வந்த ஊரில் அப்போது சண்டை முடிந்திருக்கவில்லை.

அங்கே ஒரு கிராமத்துப் பெண்களிடம் மலிவுக் கமராக்களைக் கொடுத்து, ஊரில் எது மாறவேண்டுமோ அதை அவர்களையே எடுக்கச் சொன்னாய். பிலிம்கள் இங்கே நான் வேலை செய்த, படம் கழுவும் கடைக்கு வந்தன. கலங்கியது, சரிந்தது, தலை வெட்டுப்பட்டது எல்லாவற்றையும் கழித்துவிடுவது எங்கள் கடை வழக்கம். உன் பிலிம்களில் பாதிக்கு மேல் வெறும் சேறும் கால்களும். பாவம், எடுக்கத் தெரியவில்லை என்று நினைத்து, சிரிக்கும் பிள்ளைகளை மட்டும் தேர்ந்து பெரிதாக்கி அனுப்பினேன். பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

தொலைபேசிதான் வந்தது. "சேறெல்லாம் எங்கயடி?"

"அதெல்லாம் பழுதாப்போன படம். கழிச்சுப்போட்டன்."

"எடி விசரி! அதுதான் அவையள் தண்ணிக்குப் போற வழி. தண்ணி கிட்டத்தான், கிணறு தேவையில்லை எண்டு அதிகாரி சொல்லுறார். வாற கிழமை கூட்டம். உன்ர கண்ணுக்கு வடிவு வேணும், அவையளுக்குக் கிணறு வேணும்!"

நல்லகாலம், நெகட்டிவ்கள் கடையில் இருந்தன. ஒன்று விடாமல் அச்சிட்டு, அங்கே புறப்படவிருந்த உங்கள் அமைப்புக்காரர் ஒருவரிடம் கொடுக்க ரயிலேறி விமான நிலையம் வரை ஓடினேன்.

பெண்கள் அவற்றை வீட்டு வாசலிலிருந்து ஓடை வரை வரிசைப்படுத்தி ஒரு நீளத் துணியில் ஒட்டினார்களாம். அதிகாரி பார்த்துக்கொண்டே நடந்தாராம், துணி முடியவேயில்லையாம். "இது எந்த இடம்?" என்று கேட்டவரிடம், "நீங்கள் வராத இடம்" என்றாளாம் ஒரு கர்ப்பிணிப் பெண். அடுத்த மழைக்கு முன் கிணறு வெட்டியாயிற்று. திரும்பி வந்து இதைச் சொல்லி நீ சிரித்த சிரிப்பில், பஸ்ஸில் இருந்த டேனிஷ்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்று மகளுக்காக வடிவான படங்களாகத்தான் தேடினேன். அவளோ உறையின் அடியிலிருந்து ஒன்றை உருவினாள். அந்தப் பெண்களில் யாரோ எடுத்தது. முழங்காலளவு சேறு, ஒரு கையில் செருப்பு, மற்றக் கையில் வாளி. தலை இல்லை. "அம்மா!" என்றாள் உடனே, செருப்பைப் பிடித்த விதத்தைப் பார்த்தே. இதுதான் வேண்டும் என்று மிச்சத்தை டேனிஷில் சொன்னாள்.

"தலையில்லையே, பிள்ளை" என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். மண்டபத்தில் நீ தலையில்லாமல்தான் நிற்கப்போகிறாய். யாரும் கேட்டால், இது அவள் நடந்த வழி என்று சொல்வேன். இந்த முறை நான் எதையும் கழிக்கவில்லையடி.