இருபத்தொரு பொட்டலங்கள்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நானும் பாப்பாவும் சுகம். அவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது; துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். திட்டாமல் படியுங்கள்.

ஆஸ்பத்திரியில் கடற்பாசிப் பொடி ஆராய்ச்சியில் சேர்ந்ததை எழுதியிருந்தேன் அல்லவா? பாசியிலிருந்து எடுக்கும் ஒரு சத்து, சாப்பாட்டிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாவதைத் தாமதப்படுத்துமா என்று பார்க்கிறார்கள். வழக்கமான மாத்திரையோடு தினம் ஒரு பொட்டலம். நான் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குடித்தேன். நோட்டில் மட்டும் தினமும் குடித்ததாகக் குறித்துவிட்டு, மீதியை உங்களுக்கென்று பிஸ்கட் டப்பாவில் சேர்த்தேன். உங்களுக்கும் சர்க்கரைதானே, வேலைக்குப் போன ஊரில் இதெல்லாம் யார் தருவார்கள் என்று நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை நர்ஸ் என் நோட்டைப் புரட்டிவிட்டு, "அக்கா, நோட்டு அச்சடிச்ச மாதிரி இருக்கு. சுகர்தான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பொடியால் எனக்குப் பலன் இல்லை என்று எழுதப் பேனாவை எடுத்தார். காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தவள், ஒரு பொய் எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமா? சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பாதிப் பேருக்குக் கொடுப்பது வெறும் மாவு, யாருக்கு எது என்று தனக்கே தெரியாது என்றார். "மருந்துன்னு நம்பி அவர் மாத்திரைய விட்டிருந்தா என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டார். அப்புறம், உங்களுக்குச் சுகர் எவ்வளவு என்றார். ஏழு வருஷமாக என் அளவை ஒருநாள் விடாமல் எழுதுகிறவளுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

இருபத்தொரு பொட்டலத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் கணக்கை ஆராய்ச்சியில் சேர்க்காமல் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள்.

கால்விரல் புண் ஆறிவருகிறது என்று மூன்று கடிதமாக எழுதுகிறீர்கள். மூன்று மாதமாகவா ஒரு புண் ஆறும்? நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை உங்களுக்கு. சூப்பர்வைசரிடம் லீவு சொல்லிவிட்டு நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அளவு எவ்வளவு இருந்தாலும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். நோட்டில் என் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உங்களுக்காகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

கடவுள் உங்கள் பாதங்களைக் காக்கட்டும். வரும்போது வாசலிலிருந்து நீங்களே நடந்து உள்ளே வர வேண்டும்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா