திறப்பை எடுத்த பிறகும் சுற்றும் ஃபான்

யூன் 6, செவ்வாய்

கச்சான் காற்று. கராஜ் தகரம் கொதிக்கிறது. காலையில் ஒரு லொறி டைனமோ, ஒரு ஹோர்ன். ஹோர்ன்காரன் அடித்து அடித்துப் பார்த்து என் காதைக் கெடுத்துவிட்டுப் போனான்.

பின்னேரம் யோகன் வந்தான். கையில் ஈரத் துவாய். தங்கச்சி ராணியைக் கட்டிய நாள் முதல் அவன் வாடகைக்கு ஓடும் ஹயர் காருக்கு நான்தான் வைத்தியன். கப்பல்துறை செக்பொயின்ற் வரிசையில் கார் மறுபடி கொதித்ததாம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டான். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போக ஏறிய கிழவர் பின் சீற்றில் முனகிக்கொண்டு கிடந்தாராம்.

"வரிசையில எஞ்சினை நிப்பாட்டினா என்னடா?"

"அடிக்கடி நிப்பாட்டி ஸ்டார்ட் எடுத்தா பற்றரி இறங்கிடும் அத்தான். பிறகு ஆர் தள்ளுறது? போனமுறை தள்ள இறங்கினதுக்கு ஆமிக்காரன் துவக்கை நீட்டினவன்."

நியாயம்தான். பழைய டீசல் கார். ஃபான் பெல்ட்டில் ஓடுகிறது. எஞ்சின் சோம்பினால் ஃபானும் சோம்பும். வரிசையில் நிற்கும்போது முன்னால் காற்றும் இல்லை. கொதிக்காமல் என்ன செய்யும்?

ராணி சாப்பாட்டோடு வந்தாள். "அண்ணா, ஏதாவது செய்யுங்கோ. இண்டைக்குக் கை. நாளைக்கு முகம்."

கரண்ட் ஃபான் ஒன்று பூட்டிவிட வேண்டியதுதான்.

யூன் 8, வியாழன்

வெயில். கிண்ணியா நஸீர் நானாவின் பழைய சாமான் கடை. மனிதர் சாமானோடு ஊர்க்கதையையும் சேர்த்து விற்பவர். எடுத்தவை:

ஃபான், மோட்டரோடு. அடிபட்ட பெற்றோல் வானில் கழற்றியது. ஒரு இதழில் வெடிப்பு. பரவாயில்லை.

சூட்டு சுவிட்ச். அதே வானுடையது. தண்ணீர் கொதிக்கப் பார்த்தால் தானாகப் போடும், ஆறினால் தானாக நிறுத்தும்.

தடித்த வயர் இல்லை. புதிது வாங்கப் போனால் ஏன், எதற்கு, ஆருக்கு என்று விசாரணை. செத்த லொறி ஒன்றில் உரித்தேன். எல்லாம் சிவப்பு.

நானா சொன்னார்: "தம்பி, வயரை வெளிய தெரியாம உள்ளால கொண்டுபோங்க. செக்பொயின்ற்ல கண்டானுகள் எண்டா ஆயிரம் கேள்வி கேப்பானுகள்."

நல்ல யோசனை.

பல்வலி. கராம்பு வைத்தேன்.

யூன் 10, சனி

நாள் முழுக்க யோகனின் காரோடு. பழைய ஃபானைக் கழற்றிச் சுவரில் மாட்டியாயிற்று. புதியது ரேடியேட்டரை முட்டியது. நெளித்து, வெட்டி, நாலு கெட்ட வார்த்தை சொன்ன பிறகு சரியாக உட்கார்ந்தது.

ஒரு இடத்தில் யோசித்தேன். ஃபானுக்குக் கரண்டைத் திறப்புச் சாவி வழியாக எடுப்பதா, பற்றரியில் நேரே எடுப்பதா? திறப்பு வழி என்றால் காரை நிறுத்தியதும் ஃபானும் நின்றுவிடும். ஆனால் எஞ்சினை நிறுத்திய பிறகுதான் உள்ளே இருக்கிற சூடு முழுக்க மேலே ஏறும். ஃபான் இன்னும் கொஞ்ச நேரம் சுற்ற வேண்டும். புதிய ஜப்பான் கார்களில் அப்படித்தான். பற்றரியில் நேரே கொடுத்தேன். வயரை மட்காட்டுக்குப் பின்னால் விட்டு, கறுப்பு ஒட்டு ரேப் சுற்றி, ஒருவர் கண்ணிலும் படாமல் கட்டினேன். என் வேலையில் எனக்கே ஒரு ஆசை.

ஓடவிட்டுப் பார்த்தோம். சூடேறியது. நிறுத்தி, திறப்பைக் கழற்றினான். சத்தமில்லை. ராணி எட்டிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஃபான் உர்ரென்று கிளம்பியது. தேத்தண்ணிக் கோப்பையைப் போட்டு உடைத்துவிட்டுக் கத்தினாள்.

"என்ன சனியன் இது! ஆளில்லாமல் சுத்துது!"

நானும் யோகனும் வயிறு நோகச் சிரித்தோம்.

இந்தக் காருக்கு ஒரே திறப்பு. இன்னொன்று வெட்டி வை என்று சொல்லிச் சொல்லி என் நாக்குத் தேய்ந்துவிட்டது. "துலைச்சாப் பாப்பம் அத்தான்" என்கிறான். பிள்ளையார் படத்தோடு கோத்து விரலில் சுழற்றிக்கொண்டு போகிறான்.

யூன் 13, செவ்வாய்

கார் கண்டி போய் வந்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. செக்பொயின்றில் தெரிந்த ஆமிப் பொடியன் நின்றானாம், பொனட்டைக் கூடத் திறக்கச் சொல்லாமல் கையை அசைத்து விட்டுவிட்டான். லீக்ஸ், கரட், ராணிக்கு ஒரு குடை. எனக்கு ஒன்றும் இல்லை. கேட்டால், "உங்களுக்குத்தான் பேர் வாங்கித் தந்திருக்கிறன்" என்கிறான். உண்மை. நஸீர் நானா தன் வானுக்கும் பூட்டச் சொல்கிறார். நாளைக்கு.

யூன் 15, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் ஏலாது.

யோகனைப் பிடித்துவிட்டார்கள்.

பின்னேரம் நான் ராணி வீட்டில் நிற்கும்போது ஒரு பள்ளிக்கூட ரீச்சர் அம்மா வந்தா. நிலாவெளிக்காரி. கண்டியில் கண் ஒப்பரேசன் முடித்து யோகனின் காரில் திரும்பியவ. ஒரு கண் கட்டோடு பஸ்ஸில் வந்து, வீட்டை விசாரித்துத் தேடிப் பிடித்திருக்கிறா.

"கப்பல்துறையில எல்லாரையும் இறக்கினவங்கள். உங்கட மச்சான் எஞ்சினை நிப்பாட்டி, திறப்பைக் கழட்டி, பொனட்டைத் திறந்துவிட்டிட்டுத் தள்ளி நிண்டவர். ஒரு ஆமிப் பொடியன் குனிஞ்சு பாத்தான். அந்த நேரம்தான் அது தன்ர பாட்டில சுத்தத் துடங்கினது."

பொடியன் மல்லாக்க விழுந்தானாம். ஆரோ குண்டு என்று கத்த, சனம் முழுக்க நிலத்தில். யோகன் மட்டும் ஓடியிருக்கிறான். தப்ப இல்லை, காரைப் பார்த்து. நிறுத்தப் போயிருக்கிறான், மடையன்.

"திறப்பைத் தூக்கிக் காட்டி, ஃபான், ஃபான் எண்டு கத்திக்கொண்டு ஓடினவர். சுட்டவங்கள். கார்லதான் பட்டது. பிறகு துவக்குப் பிடியால அடிச்சவங்கள். ஒளிச்சுக் கட்டின சிவப்பு வயரைக் கண்ட பிறகு இன்னும் அடிச்சவங்கள்."

ராணி கேட்டாள்: "உசிரோட இருக்கிறாரோ?"

"ஓம் பிள்ளை. நடந்துதான் ஜீப்பில ஏறினவர்."

செக்பொயின்றில் எஞ்சினை நிறுத்து, திறப்பை எடு, தள்ளி நில். இந்த ஊரில் பால்குடிக்கும் தெரியும். நிறுத்திய கார் சத்தம் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ராணி கத்தியபோதாவது யோசித்திருக்க வேண்டும். சிரித்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்கள். குரங்கு என்றால் பரவாயில்லையே.

நானாவின் வானுக்கு நேற்றுத்தான் பூட்டினேன். ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். அவர் ரோச் வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றார்.

யூன் 16, வெள்ளி

பொலிஸில் தெரியாது என்றார்கள். ஆமி முகாம் வாசலில் ராணியும் நானும் வெயிலில் நின்றோம். தேவாலயத்து ஃபாதர் வந்தார், சிங்களம் நன்றாகக் கதைப்பவர். உள்ளே போய் வந்து சொன்னார்:

"வயர் போட்ட ஆள் வந்து காட்ட வேணுமாம். காட்டினா யோசிப்பினமாம். நல்லா யோசிச்சு வாரும் தம்பி. உள்ள போறது லேசு."

ராணி என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, நீங்களும் உள்ள போய்ட்டா எனக்கு ஆர்?" பிறகு சேர்ட்டை விட்டுவிட்டு, "போங்கோ" என்றாள்.

பயம். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நல்ல பயம்.

யூன் 17, சனி

போனேன். "நான்தான் போட்டனான்" என்றேன். ஃபாதர் அதைச் சிங்களத்தில் சொன்ன பிறகு காரடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

கார் முகாம் முற்றத்தில். கண்ணாடி இல்லை. ரேடியேட்டர் முழுக்க ஓட்டை. தண்ணீர் நிற்காது, எஞ்சினைச் சூடாக்க ஏலாது. எப்படிக் காட்டுவது? குசினிப் பக்கம் தேத்தண்ணிக்குக் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டேன்.

சூட்டு சுவிட்சைக் கழற்றினேன். பிடுங்கியிருந்த வயர்களை மறுபடி முறுக்கினேன். சுவிட்சைக் கேத்திலுக்குள் இறக்கினேன். நின்றோம். ஒன்றும் இல்லை. ஒரு ஆமி ஏதோ சொல்லிச் சிரித்தான். முருகா, சுற்று என்று கேட்டேன். கோயில் பக்கம் போகாதவன் நான்.

சுற்றியது. இதழ் உடைந்து கடகடவென்று, ஆனாலும் சுற்றியது. சிரித்தவன் பின்னால் பாய்ந்தான். முகாமுக்குப் பொறுப்பான பெரியவர் அசையவில்லை. குனிந்து திறப்புப் போடும் ஓட்டையைப் பார்த்தார். வெறும் ஓட்டை. ஃபானைப் பார்த்தார். சுவிட்சை வெளியே எடுக்கச் சொன்னார். ஆறியது, நின்றது. மறுபடி போடச் சொன்னார். மறுபடி சுற்றியது. தலையாட்டினார்.

அப்பாடா என்று எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "இனி விடுவினமோ எண்டு கேளுங்கோ ஃபாதர்."

கேட்டார். பதில் நீளமாக வந்தது. ஃபாதர் சுருக்கமாகச் சொன்னார்.

"விளங்கிட்டுதாம். ஆனா யோகன் இஞ்ச இல்லை. நேற்று விடியவே தெற்கால அனுப்பிட்டினமாம்."

"எங்க?"

"அது அவருக்குத் தெரியாதாம்."

நேற்று விடிய. நாங்கள் வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே. என்னைக் காட்டச் சொன்னது ஆருக்காக? வாசலில் ராணி என் முகத்தைப் பார்த்தாள்.

யூன் 20, செவ்வாய்

கச்சான் அடங்கவில்லை. காரைக் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டார்கள். நானாவின் வானில் கட்டி இழுத்து வந்தோம். கப்பல்துறையில் ஒருவரும் மறிக்கவில்லை.

யோகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஃபாதர் கொழும்புக்கு எழுதியிருக்கிறார்.

ராணி காலையிலேயே கராஜுக்கு வந்து கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். "திருத்துங்கோ அண்ணா. அவர் வந்தா ஓட வேணும்."

செய்ய வேண்டியவை: ரேடியேட்டர் ஒட்டு. முன் கண்ணாடி. ஃபான் இதழ், நானா தருகிறாராம். வயர்.

யூன் 23, வெள்ளி

ரேடியேட்டர் முடிந்தது. வயர் முழுக்கப் புதிதாக. வெளியே, கண்ணுக்கு முன்னால், எவன் வந்தாலும் பார்க்கட்டும். கரண்ட் திறப்பு வழியாக. திறப்பை எடுத்தால் எல்லாம் நிற்கும். எஞ்சின் சூடு கிடக்கட்டும்.

ஓடவிட்டுப் பார்க்கத் திறப்பு வேண்டும். அது யோகனைப் பிடித்தபோது அவன் கையில் இருந்தது. முகாமில் கேட்டதற்கு, தேடியும் கிடைக்கவில்லை என்றுவிட்டார்கள். ஓட்டையில் இருக்கும் பூட்டைக் கழற்றினால் ஒரு நாளில் புதிது வெட்டலாம். கழற்றப் போனேன். ராணி என் கையிலிருந்த ஸ்குறூ டிரைவரைப் பறித்துவிட்டாள்.

"வேற திறப்பு வெட்ட வேண்டாம். அது அவரிட்ட இருக்கு."

வயர் பூட்டியாயிற்று. சரியோ பிழையோ, இன்னும் தெரியாது.