போணி பட்டன்

டொராண்டோ,
12 ஜனவரி 2025

அன்புச் சொர்ணத்துக்கு,

நலம். நீயும் உன் மகள் தீபிகாவும் நலமாக இருக்க என் துஆ. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய் என்பதால் பழையபடி கடிதம். முழுசாகப் படி.

கம்பெனியில் என்னை லண்டனுக்குக் கூப்பிடுகிறார்கள். எல்லா நாட்டுக் கிளைகளின் தொழில்நுட்பத்துக்கும் நான்தான் தலைவியாம். பிப்ரவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். எல்லாரும் வந்து கைகுலுக்கினார்கள். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரங்கநாதன் தெருவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிப்பு முடித்த கையோடு நாம் இரண்டு பேரும் அங்கே முத்துகிருஷ்ணன் அண்ணாச்சி ஜவுளிக்கடைக்குப் பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? யாரும் விலையைக் குறைக்க முடியாதபடி பூட்டு வைத்துவிட்டு நமக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் கடை திறந்ததும் வந்த முதல் அம்மா பேரம் பேச, அண்ணாச்சி இறங்கி வர, மெஷின் மட்டும் மசியவில்லை. அந்த அம்மா சேலையை வைத்துவிட்டுப் போயே போய்விட்டார். "போணியை வெரட்டிட்டியளேம்மா! மொத யாவாரத்தைத் திருப்பி அனுப்பலாமா? இன்னிக்குப் பொழுது வெளங்குமா?" என்று அண்ணாச்சி போட்ட கூச்சலும், கம்ப்யூட்டர் மேல் துண்டைப் போட்டு மூடியதும்! அன்று சாயங்காலமே நீ ஒரு பட்டன் வைத்தாய். நாளின் முதல் பில்லுக்கு மட்டும் பூட்டு கிடையாது. கேட்ட விலைக்குக் கொடுக்கலாம்.

அதன் பிறகு வங்கி, ஆஸ்பத்திரி, விமானக் கம்பெனி, இப்போது இன்சூரன்ஸ் என்று சுற்றி வந்துவிட்டேன். குறை சொல்லவில்லை, எல்லாவற்றையும் ரசித்துத்தான் செய்தேன். ஆனால் இப்போது பட்ஜெட்டுக்குத் தலையாட்டுவதுதான் என் வேலை. நான் செய்ததை வைத்து வேலை பார்க்கும் ஒருவர் முகத்தைப் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. லண்டனில் இன்னும் பெரிய தலையாட்டல்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். கடைகளுக்குப் புரோகிராம் எழுதும் உன் ஆபீஸில் எனக்கு ஒரு நாற்காலி போடுவாயா? வேலை கேட்கிறேன், சொர்ணம்.

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்,
ரூபீனா

தி. நகர்,
2 பிப்ரவரி 2025

அன்புள்ள ரூபீனாவுக்கு,

கட்டைவிரல் காட்டாமல் எழுதுகிறேன், போதுமா?

உனக்கென்ன பைத்தியமா? இங்கே பாத்திரக் கடை மாடியில் இரண்டே அறை. மழை வந்தால் மூலையில் பக்கெட் வைக்கிறோம். "மேடம், பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கிச்சு" என்று பொழுதன்னைக்கும் போன். ஆட்டோவில் ஏறினால், "இன்னாமா இவ்ளோ டிராபிக் கீது, நீ நடந்து போய்க்கினே இரு, நான் பின்னால வரேன்" என்கிறான். இதற்கா டொராண்டோவை விட்டு வருகிறாய்?

"ரூபீனா ஆன்ட்டி வந்தா நம்ம கம்பெனி எங்கேயோ போயிடும்மா" என்று தீபிகா குதிக்கிறாள். "ஆன்ட்டிதான் எங்கேயோ போயிடுவா" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் இரண்டு பேர் பெயரையும் போட்டுத்தானே இந்தக் கம்பெனிக்குப் போர்டு எழுதக் கொடுத்தோம்? பெயின்ட் காய்வதற்குள் உனக்கு பம்பாய் வங்கி வேலை வந்தது. நானே சென்ட்ரலுக்கு வந்து சிரித்துக்கொண்டே ரயில் ஏற்றிவிட்டேன். நீ போக வேண்டியவள்தான், அதில் உன்மேல் தப்பே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். இப்போது நீ வந்து, எனக்கும் பழகிப்போய், ஆறு மாதத்தில் இன்னொரு ஊர் உன்னைக் கூப்பிட்டால்? இந்த வயதில் இன்னொரு தடவை என்னால் ஆகாதுடி.

லண்டனுக்கே போ. மகாராசியாக இரு.

கோபமில்லாமல்தான் எழுதுகிறேன்,
சொர்ணம்

டொராண்டோ,
20 பிப்ரவரி 2025

அன்புச் சொர்ணத்துக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே லண்டன்காரர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதனால் அந்தப் பாரம் உனக்கில்லை. கொட்டிவாக்கத்தில் வாடகைக்கு வீடு பார்த்தாயிற்று, முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. மார்ச் 9 ஞாயிற்றுக்கிழமை, நோன்பு வைத்துக்கொண்டே வந்து இறங்குகிறேன். நீ சேர்க்காவிட்டாலும் அங்கேதான் இருப்பேன்.

நீ அழுதது எனக்குத் தெரியாது. நானும் அரக்கோணம் வரை அழுதேன். பிறகு பசித்தது, நீ கட்டிக்கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, பெயர் போடாமல் பிறந்த குழந்தையைப் பதிய முடியாது என்று ஒரு புரோகிராம் செய்து வைத்திருந்தார்கள். நம் ஊரில் பிறந்த அன்றே யார் பெயர் வைக்கிறார்கள்? நர்ஸ்கள் வாய்க்கு வந்த பெயரையெல்லாம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா பெயரிலேயே பதிகிற மாதிரி மாற்றினேன். பெரிய மூளை என்று புகழ்ந்தார்கள். மூளையாவது ஒன்றாவது! எந்த வேலையில் சேர்ந்தாலும் முதல் நாள் நான் தேடியது உன் போணி பட்டனைத்தான். மெஷினுக்குப் புரியாத எந்த வழக்கம் இங்கே இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். என்னைத் தலைவி ஆக்கியது அதுதான். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

பக்கெட்டைப் பற்றிக் கவலைப்படாதே, எனக்குப் பிடிக்கத் தெரியும்.

என்றும் உன்,
ரூபீனா

தி. நகர்,
6 மார்ச் 2025

அடி ரூபீனா,

இதைக் கொட்டிவாக்கம் முகவரிக்கே போடுகிறேன். வந்ததும் வாட்ச்மேனிடம் கேட்டு வாங்கிக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வீம்பாகத்தான் இருந்தேன். நேற்று மாணிக்கவாசகம் போன் செய்தார், நம் அண்ணாச்சியின் மகன். அண்ணாச்சி போன பிறகு கடையை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். யாரோ ஒரு ஆள் புது பில் மெஷின் விற்க வந்தாராம். திரையைத் தொட்டுத் தொட்டு எல்லாம் காட்டி முடித்ததும் இவர், "எல்லாம் சரி தம்பி, போணி பட்டன் எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் முழித்த முழியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று சட்டெனத் திரும்பினேன். பக்கத்தில் நீ எங்கே இருக்கிறாய்? இத்தனை வருஷமாக இப்படித்தான் திரும்பிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆறு மாதத்தில் போவதானால் போ. ஆறு மாதமாவது பக்கத்தில் இருப்பாயே. சென்ட்ரலுக்கு மறுபடியும் வந்து ஏற்றிவிடுகிறேன், இந்தத் தடவை சிரிக்க மாட்டேன், அங்கேயே அழுதுவிடுவேன்.

இத்தனை வருஷச் சிநேகத்தில் எல்லாம் நீ கொடுத்ததுதான். என்னிடம் எதையும் கேட்டதில்லை. இந்த நாற்காலிதான் முதல். போணியைத் திருப்பி அனுப்பப் பார்த்தேனே! அண்ணாச்சி இருந்திருந்தால் என் தலையில் துண்டைப் போட்டு மூடியிருப்பார்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு ஷட்டரைத் திறப்போம், வந்துவிடு. உனக்குப் பூட்டு கிடையாது, கேட்ட விலைக்கே. நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டேன். சாயங்காலம் நோன்புக் கஞ்சிக்குத் தீபிகா இப்போதே தூக்குவாளி எடுத்து வைத்திருக்கிறாள்.

உன்,
சொர்ணம்